குமாஸ்தா நத்தைக்கு நான் பொறுப்பல்ல

திருவொற்றியூரில் மழை பெய்த மறுநாள் காலையில் சுவர்களிலும் வாழைத்தண்டுகளிலும் ஊர்ந்துகொண்டிருக்கும் பெரிய நத்தைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் வழங்குகிறது. குமாஸ்தா நத்தை என்கிறார்கள். கீரைப்பாத்தி வைத்திருப்பவர்கள் வைதுகொண்டே சொல்கிறார்கள். பிள்ளைகள் குச்சியால் குத்திக்கொண்டே சொல்கிறார்கள். அந்தக் குமாஸ்தா நான்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியின் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை பார்த்தவன். இந்த நத்தைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை எழுதி வைப்பதற்காக உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. சிரிக்கிறார்கள்.

சென்ற வருஷம் எங்கள் வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஊரின் பழைய கதைகளைப் பற்றி ஒருவர் பேசினார். வேறு யாருமல்ல, என் மனைவியின் அண்ணன் மகளைக் கட்டியவர், எனக்கு மருமகன் முறை. நன்றாகப் பேசுவார். எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் எல்லோருமே நன்றாகத்தான் பேசுகிறார்கள்.

"இந்த நத்தை எப்டி வந்துச்சி தெரியுமா? எங்க மாமா கொழும்புலேர்ந்து கொண்டாந்து வளத்தாரு. ஆமா, நாய் வளக்கற மாதிரி! யுத்தத்துல ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு பட்டணமே மூட்டை கட்டிகினு ஓடுச்சே, அப்போ மாமாவும் பொட்டியைத் தெறந்து போட்டுட்டு ஓடிட்டாரு. பாவம், நத்தைக்கு ஓடத் தெரியாது. மெதுவா நடந்துச்சி. நடந்து நடந்து ஊரையே புடிச்சிகிச்சி!"

சபை சிரித்தது. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று, "இது தப்பு. அந்த வருஷம் என்னிடம் நத்தையே கிடையாது" என்றேன். மேடையிலிருந்து, "உக்காருங்க மாமா, தமாசுக்குத்தானே சொன்னேன்" என்று பதில் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

பட்டணம் காலியானது 1942-ல். அந்த மாதங்களில் நான் எங்கேயும் ஓடவில்லை. கிடங்கில் பாதிப்பேர் வராததால் இரண்டு ஆள் வேலையை ஒருவனாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நத்தைகளின் கதை முடிந்தது ஸ்ரீமுக வருஷம் வைகாசியில், அதாவது 1933-ல். இரண்டுக்கும் நடுவே ஒன்பது வருஷம் இருக்கிறது. செத்துப்போய் ஒன்பது வருஷம் கழித்துப் பெட்டியை விட்டு நடந்து வந்த நத்தையைப் பற்றி நான் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை.

அவை என்னிடம் வந்தது ஆங்கிரச வருஷம் ஆவணிக் கடைசியில். கம்பெனியின் பெரிய துரை தோட்டப் பைத்தியம். கொழும்பிலிருந்து அவருக்குப் பெரணிச் செடிகள் ஒரு மரப்பெட்டியில் வந்தன. தேங்காய் நார் வைத்துக் கட்டிய பெட்டி. கிடங்கில் அதைத் திறந்தபோது மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் இரண்டடி பின்னால் குதித்தார். "சார், சார், இன்னா சார் இது, சங்கு நடக்குது!" என்றார்.

உண்மையில் சங்கு போலத்தான் இருந்தது. என் கைப்பிடிக்குள் அடங்காத ஓடு. பால் நிறத்தின் மேல் தேயிலைக் கறையைத் தீற்றினாற்போல் பழுப்புக் கோடுகள். நார் முழுவதும் தேடினோம். நான்கு இருந்தன. ஒன்று மற்றவற்றைவிடப் பெரியது. இரண்டு நடுத்தரம். நான்காவது சிறியது. அதன் ஓட்டில் வாய் ஓரமாக மிளகு நுழையும் அளவுக்கு ஒரு பொத்தல் இருந்தது. அந்தப் பொத்தல் பின்னால் முக்கியமாகும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

துரை பார்த்துவிட்டு, கடலில் எறியச் சொன்னார். நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இதைத் தின்பார்களா என்று அவர் கேட்டார். வளர்க்க என்றேன். தாராளமாக எடுத்துக்கொள் என்று சிரித்தார். கப்பலிலிருந்து திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தேன் என்று சொல்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். நான் கேட்டுத்தான் எடுத்தேன்.

மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகும் அடுக்குப் பாத்திரத்தில் வைத்து, ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கை கால் கழுவிவிட்டு வந்து சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் என் மனைவி கழுவுவதற்காகப் பாத்திரத்தைத் திறந்துவிட்டாள்.

"இன்னாயா இது! சோத்துப் பாத்திரத்துல!" என்ற சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து மீன் விற்கும் அக்கா ஓடி வந்தார். அவர் பயப்படவில்லை. பெரியதைத் தூக்கித் திருப்பிப் பார்த்து, "நல்லா கீதே. எங்க வூட்டுக்காரருக்கு மூலம். ஒண்ணு குடு, கொயம்பு வெச்சிக் குடுக்கறேன்" என்றார்.

"இது கொழம்புக்கு இல்லை. வளர்க்க."

"வளக்கவா? இன்னாத்துக்கு? முட்டை உடுமா, பால் கறக்குமா?"

என் மனைவி அந்தப் பாத்திரத்தைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாள். தேய்த்து முடித்துவிட்டு, இனி அதில் எனக்குச் சோறு கிடையாது என்றாள். புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

எழும்பூர் நூலகத்தில் இந்தப் பிராணியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் பிறந்தது. தீவு தீவாகக் கப்பலேறி இலங்கைக்கு வந்து அங்கே தோட்டக்காரர்களை அழவைத்துக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கணக்கில் முட்டை இடும். மழையில் எங்கும் போகும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் வளர்த்தேன். தெரிந்துகொண்டதால்தான் கவனமாக வளர்த்தேன். ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப்பெட்டி ஒன்றில் ஈரமண் போட்டு, மேலே கம்பிவலை அடித்து, வலையின் மேல் அம்மிக்கல் ஒன்றை வைத்தேன். வெளியே விடுவது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மட்டும்தான். பின்கட்டில், குளிக்கும் இடத்துச் சுவரில், நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது.

முட்டை இட்டிருக்குமே, அது தப்பியிருக்குமே என்று இப்போது சில புத்திசாலிகள் கேட்கிறார்கள். இட்டன. கார்த்திகை மழையில் மண்ணுக்குள் ஜவ்வரிசி போல, கொஞ்சம் மஞ்சளாக, குவியல் குவியலாக இட்டன. ஒவ்வொரு முறையும் மண்ணைச் சல்லடையில் சலித்து, ஒன்று விடாமல் எடுத்துக் கொதிக்கும் வடிகஞ்சியில் போட்டவள் என் மனைவி. "பாவம்தான். அதுக்கு இன்னா பண்றது, ஊர்ல கீரை வேணுமே" என்று சொல்லிக்கொண்டே போடுவாள். ஊரின் கீரைக்காக இவ்வளவு செய்தவளின் வீட்டைத்தான் ஊர் கைகாட்டுகிறது.

அவள் மனம் மாறியது எப்போது என்று எனக்குத் தெரியும். ஐப்பசியில் அடைமழை பிடித்து நான் வீட்டில் அடைந்து கிடந்த ஒரு மத்தியானம். வெள்ளரிக்காய்த் தோலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பியவள், நின்றாள். "இன்னாமோ சத்தம் கேக்குது" என்றாள். கிட்டப்போய்க் காதைக் கொடுத்தாள். பெரியது தோலைச் சுரண்டித் தின்கிற சத்தம். யாரோ பக்கத்து அறையில் காகிதத்தை மெல்லக் கிழிப்பது போலிருக்கும். "அத்தினிக்கூண்டு வாய்க்கு இம்மாம் சத்தமா?" என்று சிரித்தாள். அன்று மாலையே சிறியதை எடுத்து மணிக்கட்டில் விட்டுக்கொண்டாள். அது வளையல்களைத் தாண்டத் தெரியாமல் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தது. "பூனை நாக்கு மாதிரி கீது" என்றாள். அதற்குப் பிறகு தீனி போடுவது, மண் மாற்றுவது, ஓட்டை ஈரத்துணியால் துடைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பப்பாளிப் பழம் என்றால் அவற்றுக்கு உயிர். முருங்கைக்கீரையைத் தொடாது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டு ஊர் பேசியதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை.

இனி என் மைத்துனர், என் மனைவியின் அண்ணன். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

எண்ணூரில், முகத்துவாரக்குப்பத்துக்குப் போகிற வழியில், அவர் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். கழிமுகத்தில் தோண்டி எடுக்கும் கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டு எரிப்பார்கள். அது தவிர, எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மட்டி ஆய்ந்த வீடுகளில் ஓட்டைக் குப்பையில் கொட்டமாட்டார்கள். பின்கட்டில் ஒரு கூடையில் சேர்த்து வைப்பார்கள். காளவாய் ஆள் வந்து கூடையைக் கொட்டிக்கொண்டு, பதிலுக்கு ஒரு கை வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்துவிட்டுப் போவார். கேட்பது, சொல்வது எதுவும் கிடையாது. பின்கட்டில் ஓடு கிடந்தால் அது காளவாய்க்கு என்பது எழுதாத சட்டம்.

என் மைத்துனருக்கு ஒரு பெருமை உண்டு. எந்தச் சுண்ணாம்பையும் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்து, எந்த ஊர், எந்தக் கிளிஞ்சல், எவ்வளவு வெந்தது என்று சொல்லிவிடுவார். "கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தும். நாக்கு பொய் சொல்லாது மச்சான்" என்பார்.

தை மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நத்தைகள் குளியல் சுவரின் வெள்ளையைச் சுரண்டித் தின்பதைப் பார்த்தார். ஓடு வளர அவற்றுக்குச் சுண்ணாம்பு வேண்டும். பொங்கலுக்கு அடித்த வெள்ளையில், துறைமுக வரைபடத்தில் ஆழம் காட்டும் கோடுகளைப் போல, வளைந்து வளைந்து தடம் போட்டிருந்தன. நான் அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கோ தாங்கமுடியாத சந்தோஷம்.

"பாத்தியா தங்கச்சி! என் சுண்ணாம்பு சிலோன் நத்தைக்கே புடிச்சிருக்கு. ராயபுரத்தான் சுண்ணாம்பை அடிச்சிப் பாரு, மோந்துகூடப் பாக்காது!"

அன்று சாப்பிடும்போது அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். வெயில் ஏறினால் இவை ஓட்டுக்குள் சுருங்கிவிடும், வாயில் வெள்ளை மூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும், பார்த்தால் செத்தது போலத்தான் இருக்கும், மழை ஈரம் பட்டால் எழுந்துவிடும். மோர் ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஆறு மாசம் தூக்கமா? குடுத்து வெச்சதுங்க" என்றார். அவருக்குச் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. என் மனைவி பக்கத்தில் இருந்தாள். சொன்னேன்.

பங்குனி நடுவில் நான்கும் அடைத்துக்கொண்டன. முதலில் பெரியது, கடைசியில் பொத்தல் ஓடு. ஓட்டின் வாயில் மெல்லிய வெள்ளைத் தகடு, நன்றாகக் காய்ந்த சுண்ணாம்புப் பூச்சு போல. தட்டினால் அசைவில்லை. என் மனைவி பயந்துபோனாள்.

"பூட்ச்சா?"

"இல்லை. கையில் வைத்துப் பார். செத்த ஓடு லேசாக இருக்கும். இது கனக்கிறதல்லவா?"

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது, "கனமா கீது" என்பாள். மற்ற வீடுகளில் போய்வருகிறேன், போய்ட்டு வா என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கோடையில் அதுதான்.

வைகாசியில் மைத்துனரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை, இப்போது மேடையில் பேசினாரே, அவரேதான். அத்தை என்ற முறையில் என் மனைவி ஒரு வாரம் முன்பே எண்ணூருக்குப் போக வேண்டியிருந்தது. போகிற காலையில் பெட்டியைத் திறந்து நான்கையும் எடுத்துப் பார்த்தாள். "நாலும் கனமா கீது. பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. சரக்கு இறக்குவது முடியாமல் அன்று கிடங்கிலேயே தங்கிவிட்டேன். சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தேன். பின்கட்டில் அம்மிக்கல் கீழே கிடந்தது. கம்பிவலை சுவரில் சாய்ந்திருந்தது. பெட்டிக்குள் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. மண்ணின் மேல், ஒரு வாழையிலைக் கிழிசலில், ஒரு கை வெற்றிலைச் சுண்ணாம்பு வைக்கப்பட்டிருந்தது.

சாவி மீன்கார அக்காவிடம்தான் இருக்கும். அவர் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க மச்சான் நேத்து வண்டி கட்டிகினு வந்தாரு. கல்யாணத்துக்கு உங்க வூட்டு அண்டா வோணுமாம். எட்த்துகினு, பின்னாடி வந்து பாத்தாரு. பொட்டியைத் தெறந்து ஒண்ணைக் கைல எட்த்தாரு. அந்த வெள்ளையா கீதே, அதை நகத்தால சொரண்டி நாக்குல வெச்சாரு. 'அட, உள்ளாறயே சுண்ணாம்பாய்ட்சி! கனத்தைப் பாரு, ஸோக்கான சரக்கு'ன்னாரு. நான்கூட சொன்னேன், 'அண்ணா, அது தூங்குதாம்'னு. 'தூங்கறதும் சாவறதும் எனக்குத் தெரியாதா? பொண்ணு கல்யாணத்துக்கு அத்தை வூட்டு வெள்ளையும் இருக்கட்டும்'னு கோணியில போட்டுகினு பூட்டாரு."

அந்தக் கனத்தை வைத்துத்தான் உயிர் இருக்கிறதென்று நாங்கள் தினமும் நிச்சயப்படுத்திக்கொண்டோம். அதே கனத்தைக் கையில் வைத்துப் பார்த்து அவர் உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு என்று முடிவு கட்டினார். மூடியில் சுண்ணாம்பு இருந்தது வாஸ்தவம். நாக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் நாக்கை வைத்துச் சாவை நிர்ணயிக்கும் மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. காளவாய்க்காரரைத் தவிர வேறு யாரும் அந்தத் தவறைச் செய்திருக்கவும் மாட்டார்கள். உழவராக இருந்தால் மழைக்கு விட்டிருப்பார். மீன்காரர் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்திருப்பார்.

சட்டையைக்கூட மாற்றாமல் அடுத்த ரயிலில் எண்ணூர் போனேன். ஸ்டேஷனிலிருந்து மணலில் நடக்கும்போதே புகை அடங்கியிருப்பதைப் பார்த்தேன். புகை அடங்கினால் எரித்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

காளவாயிலிருந்து வாரி, களத்தில் பரப்பியிருந்தார்கள். வெந்த கிளிஞ்சலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நெருப்பில் அது பொடியாவதில்லை. உருவம் அப்படியே இருக்கும். நிறம் மட்டும் போய், கண்ணைக் கூசுகிற வெள்ளையாக நிற்கும். தண்ணீர் தெளித்த பிறகுதான் உடைந்து மாவாகும். அந்த வெள்ளைப் பரப்பில் சின்னச் சின்ன மட்டி ஓடுகளுக்கு நடுவே என் நத்தைகளைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரமும் ஆகவில்லை. மூன்று ஓரிடத்தில் கிடந்தன. சற்றுத் தள்ளி நான்காவது. முறுக்கு, வரி, எல்லாம் இருந்தபடியே இருந்தன. நான்காவதன் வாய் ஓரத்தில் பொத்தல் இருந்தது. அதன் வழியாக அடியிலிருந்த கரித்துண்டு தெரிந்தது.

மைத்துனர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "வா மச்சான்! கல்யாண வேலைக்கு இப்பத்தான் வந்தியா?" என்றார்.

"என் நத்தையை எரிச்சிட்டீங்க."

"செத்த ஓடுதானே? நாக்குல வெச்சிப் பாத்தேனே. சுண்ணாம்பாவே ஆயிருந்துச்சி."

"சாகலை. தூங்கிட்டிருந்தது. தை மாசம் உங்ககிட்ட சொன்னேன். மோர் சாப்பிடும்போது."

அவர் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, பாயும் தலகாணியும் கூட இருந்துதா பொட்டியில?" என்று கேட்டார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனரும் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை. தெரியாமல் செய்ததற்கு யாரையும் நான் வைய மாட்டேன். தெரிந்த பிறகு ஒருவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்கிறேன். அவர் சிரித்தார்.

"அந்த நாலையும் எடுத்துக் கொடுங்க" என்றேன்.

"சுட்ட ஓடு வூட்ல நிக்காது மச்சான். காத்துல கீற ஈரத்துக்கே தானா பொடியாய்டும். கை வெச்சா கை வெந்துடும். உடு. வேற நத்தை கெடைக்காதா, இன்னா?" என்றார். சொல்லிக்கொண்டே ஆளுக்குக் கைகாட்டினார். குடம் சரிந்தது. புஸ்ஸென்று ஆவி கிளம்பிற்று. ஓடுகள் ஒருமுறை உப்பின. பெரியதன் முறுக்கு உச்சியிலிருந்து பிளந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எது மட்டி, எது நத்தை என்று தெரியாமல் எல்லாம் ஒரே மாவாயின.

ஆகையால் என்னிடம் சாட்சிக்குக் காட்ட ஒரு ஓடுகூட இல்லை. நான்கையும் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

கல்யாண வீட்டின் பின்புறத்தில் என் மனைவி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள். சொன்னேன்.

"பெரிசுமா?"

"நாலும்."

மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். நறுக்கிய தோலைத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே வந்தாள். வழக்கம் அப்படி. அப்புறம் கவனித்து, அதைத் தள்ளிவிட்டாள். அத்தை முறைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாள். கல்யாணத்தன்று வீடு கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருந்தது. வந்தவர்களெல்லாம் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் புகழ்ந்தார்கள். மைத்துனர், "எங்க தங்கச்சி வூட்டு சரக்கும் இதுல கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவி பத்து வயதிலிருந்து வெற்றிலை போடுகிறவள். அந்தக் கல்யாணத்திலிருந்து போடவில்லை. அண்ணன் மாதாமாதம் வழக்கம்போல் சுண்ணாம்புக் கலயம் அனுப்புவார். அதைத் திறக்காமல் மீன்கார அக்காவிடம் கொடுத்துவிடுவாள். ஏன் விட்டாள் என்று அவர் சாகும்வரை கேட்கவில்லை. பல்லுக்காக விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். மைத்துனருக்கு அது நல்ல தமாஷ் கதையாகக் கிடைத்துவிட்டது. விசேஷத்துக்கு விசேஷம் சொன்னார். முதலில் எரித்ததைச் சொன்னார். சில வருஷம் கழித்து எரித்தது கதையிலிருந்து விழுந்துவிட்டது, நான் காளவாயில் வந்து நின்றது மட்டும் மிஞ்சியது. யுத்தம் முடிந்து, தென்பக்கத்திலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ, யார் மூலமோ, இந்த நத்தை உண்மையாகவே பட்டணத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் முதன்முதலாக ஒன்றைப் பார்த்த அன்று மைத்துனர் என்ன சொன்னார் தெரியுமா? "மச்சான் நத்தை திரும்பி வண்ட்ச்சிடோய்!" என்றார். எரித்த மனிதர், தன் கையால் தண்ணீர் ஊற்றச் சொன்ன மனிதர், அதைச் சொன்னார். அவர் மருமகன் அதோடு ஜப்பான்காரனையும் சேர்த்துக்கொண்டார். ஊர் ஒரு பெயரையே வைத்துவிட்டது.

ஆண்டு விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கோபமாக இருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தட்டில் பழம், வெற்றிலை, பாக்கு, அவர்கள் காளவாய்ச் சுண்ணாம்பு ஒரு டப்பா. என்னிடம் பேசாமல் நேரே என் மனைவியிடம் தட்டை நீட்டினார்.

"அத்தே, மாமாவுக்கு எம்மேல பேஜாரு. நீங்கதான் சமாதானம் பண்ணணும். ஒரு தமாசுக்குப் போய் இப்டியா?"

என் மனைவி தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். பழத்தை எடுத்தாள். வெற்றிலையை எடுத்தாள். டப்பாவை மட்டும் விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"நீ மாமா பொட்டியைத் தெறந்து உட்டுட்டு ஓடிட்டாருன்னு சொன்னியாமே."

"மாமனார்தான் அத்தே அப்டி சொல்வாரு."

"அதுங்க எங்கியும் நடந்து போவலை நைனா. உங்க மாமனாரு எட்த்துகினு போயி காளவாய்ல போட்டாரு. உன் கல்யாணத்துக்கு அடிச்ச வெள்ளையிலதான் கீதுங்க. நீ தாலி கட்டச் சொல்லோ உன் முதுகுக்குப் பின்னால இருந்த செவுத்துல."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"எல்லாமேவா?"

"நாலும்" என்றாள். "ஒண்ணு தப்பிச்சிருந்தா, ஆமா எங்களுதுதான்னு நானே ஊருக்குச் சொல்லியிருப்பேன். உங்க மாமாவும் உங்கிட்ட கோச்சிக்காம அதை ஏத்துகினு இருப்பாரு. தப்பிக்கலியே."

மருமகன் டப்பாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் திருத்திச் சொல்லிவிடுகிறேன் என்றார். அதற்குப் பிறகு வாசகசாலையில் மூன்று கூட்டங்கள் நடந்துவிட்டன. மூன்றுக்கும் போய் இரண்டாவது வரிசையிலேயே உட்கார்ந்தேன். அவர் மூன்றிலும் பேசினார். வேறு விஷயங்களைப் பற்றிப் பேசினார்.

நேற்று மழை. இன்று காலை எதிர்வீட்டுப் பிள்ளைகள், "குமாஸ்தா நத்தைடா, உப்பு கொண்டா" என்று எங்கள் சுவரோரம் கத்திக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வெளியே போய் அவர்களை விரட்டினாள். அது எங்களுடையது அல்ல என்று நானும் வாசலுக்கு வந்து சொன்னேன். அவள் அதற்குள் அதைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் கொண்டுவந்து, என்னைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள்.